இரண்டு ஹைதராபாத்துகள்



ஹைதராபாத் என்றவுடன் உங்கள் நினைவில் எழுவது எது? சார்மினாரும், நிஜாம்களின் மாளிகைகளும், முத்து மாலைகளும், மணம் கமழும் பிரியாணியும் அன்றோ! ஆனால் அதே பெயரைத் தாங்கிய மற்றொரு நகரமும் உண்டு. அது பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், கராச்சிக்கு வடகிழக்கே, சிந்து நதிக்கரையில் அமைந்துள்ளது. கண்ணாடி வளையல்களுக்குப் பெயர் பெற்ற பழம்பெரும் நகரம் அது.

பெயரால் ஒன்றுபட்டு, எல்லையால் பிரிந்து கிடக்கும் இவ்விரு நகரங்களையும் அண்மைக் காலத்தில் ஒரு காய்ச்சல் இணைத்தது. ஒரு நகரில் அக்காய்ச்சல் மருந்துகளுக்கு அடங்காத புதிய வடிவெடுத்தது. மற்றொரு நகரில் அதைத் தடுக்கும் ஊசி உருவாயிற்று. இந்த வரலாறு நம் ஒவ்வொருவர் இல்லத்துக் குடிநீர்க் குடத்தோடும், மருந்துப் பெட்டியோடும் நெருங்கிய தொடர்புடையது. ஆகவேதான் அதை உங்கள் முன் வைக்கின்றேன்.

விஷக் காய்ச்சல்

நம் முன்னோர் விஷக் காய்ச்சல் என்று அஞ்சிய நோயையே இன்று டைபாய்டு என்கிறோம். 'சால்மொனெல்லா டைபி' என்னும் பாக்டீரியா இதற்குக் காரணம். இக்கிருமி ஆடு மாடுகளைத் தொற்றுவதில்லை. மனிதனை மட்டுமே தொற்றும். நோயாளியின் மலத்தின் வழியே வெளியேறி, நீரிலும் உணவிலும் கலந்து, அடுத்தவர் வாய்க்குள் சென்று சேர்கிறது. குடலில் புகுந்து இரத்தத்தில் கலக்கிறது. நாளுக்கு நாள் ஏறும் காய்ச்சல், தலைவலி, வயிற்றுவலி, பசியின்மை, சோர்வு ஆகியவை இதன் அடையாளங்கள். உரிய மருத்துவம் இல்லையெனில் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் குடலில் துளை விழுந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

மருந்து கண்டறியப்படாத காலத்தில் இந்நோய் கண்ட நூறு பேரில் பத்து முதல் இருபது பேர் மாண்டனர். செல்வர், வறியவர் என்ற வேறுபாட்டை அது பார்க்கவில்லை. வானில் பறக்கும் ஊர்தியைத் தந்த ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர் ரைட், 1912ஆம் ஆண்டு, தமது 45ஆம் வயதில் டைபாய்டுக்கே பலியானார். வானத்தை வென்றவரைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி வென்றுவிட்டது!

மலாயாவில் கிடைத்த வெற்றி

பெனிசிலின் எத்தனையோ நோய்களை விரட்டியது. ஆனால் டைபாய்டிடம் அது பலிக்கவில்லை. வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிர், 1947இல் 'குளோரம்பெனிகால்' என்னும் மருந்தைத் தந்தது. மறு ஆண்டு மலாயாவின் கோலாலம்பூரில், தியோடர் உட்வர்டு உள்ளிட்ட அமெரிக்க மருத்துவர்கள், உண்ணிக் காய்ச்சல் நோயாளிகளுக்கு அம்மருந்தைக் கொடுத்துச் சோதித்து வந்தனர். அவர்களுள் சிலருக்கு வந்திருந்தது உண்மையில் டைபாய்டு என்பது பின்னரே தெரிந்தது. அவர்களும் விரைந்து தேறினர்! வாரக்கணக்கில் எரித்த காய்ச்சல் சில நாள்களில் தணிவதைக் கண்டு மருத்துவ உலகம் வியந்தது. டைபாய்டு ஒழிந்தது என்றே பலர் எண்ணினர்.

அந்த மகிழ்ச்சி கால் நூற்றாண்டுக்கு மேல் நீடிக்கவில்லை. 1972இல் மெக்சிகோவில் பரவிய டைபாய்டு பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. குளோரம்பெனிகால் அங்குப் பயன்படவில்லை. அதே ஆண்டில் நமக்கு அண்டையிலுள்ள கேரளத்தின் கோழிக்கோட்டிலும் அம்மருந்துக்கு அடங்காத டைபாய்டு தோன்றியது. 1980களின் இறுதிக்குள் குளோரம்பெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் ஆகிய மூன்று மருந்துகளும் ஒருங்கே தோற்கத் தொடங்கின. அடுத்து 'சிப்ரோபிளாக்சசின்' வகை மருந்துகள் வந்தன. 1990கள் முழுவதும் அவையே மருத்துவர்களின் நம்பிக்கை. அவற்றின் வலிமையும் மெல்ல மெல்லக் குறைந்தது.

நேபாளத்தின் பாட்டன் மருத்துவமனையில் அவ்வகையைச் சேர்ந்த புதிய மருந்தொன்றை, 'செஃப்ட்ரையாக்சோன்' என்னும் ஊசி மருந்தோடு ஒப்பிட்டு ஆய்வு நடத்தினர். புதிய மருந்து பெற்றவர்களுள் பலருக்குக் காய்ச்சல் தணியாததால், 2014இல் அந்த ஆய்வையே இடையில் நிறுத்த நேர்ந்தது. எஞ்சி நின்ற பெரிய கோட்டை செஃப்ட்ரையாக்சோன் ஒன்றுதான்.

கிருமி கற்கும் பாடம்

மருந்து ஏன் தோற்கிறது? மருந்தின் தரம் குறைந்துவிட்டதா? நம் உடல் அதற்குப் பழகிவிட்டதா? இரண்டும் அல்ல. மாறியது கிருமிதான்.

கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. அப்பெருக்கத்தில் அவற்றின் மரபுக் குறிப்பில் தற்செயலாகச் சிறு பிழைகள் நேர்கின்றன. அப்பிழைகளுள் ஒன்று, மருந்தைத் தாங்கும் ஆற்றலை ஒரு கிருமிக்குத் தந்துவிடலாம். நாம் மருந்துண்ணும்போது மற்றவை மடிகின்றன. தாங்கும் கிருமி மட்டும் தப்புகிறது. பிறகு இடமும் உணவும் அதற்கே சொந்தம்! ஆகவே தேவையின்றி உண்ணும் ஒவ்வொரு மாத்திரையும், எளிய கிருமிகளைக் களைந்துவிட்டு வலிய கிருமிகளுக்கு வயலைச் செப்பனிட்டுக் கொடுக்கிறது.

இதைவிட வியப்பான மற்றொரு வழியும் உண்டு. தேர்வு அறையில் ஒரு மாணவன் எழுதிய விடையைத் துண்டுச் சீட்டில் பெற்று மற்றொருவன் எழுதிவிடுவதில்லையா? அதுபோல், மருந்தை முறியடிக்கும் வித்தையை ஒரு கிருமி, முற்றிலும் வேறினத்தைச் சேர்ந்த மற்றொரு கிருமிக்குக் கொடுத்துவிட முடியும். அந்தத் துண்டுச் சீட்டுக்குப் 'பிளாஸ்மிட்' என்று பெயர். நம் குடலில் வாழும் சாதாரணக் கிருமிகள், நாம் கண்டபடி விழுங்கிய மருந்துகளால் இவ்வித்தையைக் கற்று வைத்திருக்கின்றன. டைபாய்டு கிருமி வழியில் அவற்றைச் சந்திக்கும்போது என்ன நிகழும்? சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் நிகழ்ந்தது அதுதான்.

2016 நவம்பர்

கராச்சியிலுள்ள ஆகா கான் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்திற்குப் பல ஊர்களிலிருந்தும் இரத்த மாதிரிகள் வருவது வழக்கம். 2016 நவம்பரில் ஹைதராபாத்திலிருந்து வந்த மாதிரிகளில், செஃப்ட்ரையாக்சோனுக்கும் அடங்காத டைபாய்டு கிருமி தொடர்ந்து தென்படலாயிற்று. அதற்கு முன் உலகில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே காணப்பட்ட ஒன்று, ஒரே ஊரில் ஒருவர் பின் ஒருவராகப் பலரிடம் தோன்றியது. ஆய்வுக்கூடத்தார் விழித்துக்கொண்டனர். 2017 டிசம்பர் இறுதிக்குள் இத்தகைய நோயாளிகள் 486 பேர் கண்டறியப்பட்டனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறார்கள்!

இங்கிலாந்தின் வெல்கம் சாங்கர் ஆய்வு நிறுவனத்துடன் இணைந்து அக்கிருமியின் மரபுக் குறிப்பை எழுத்தெழுத்தாகப் படித்தனர். 2018இல் உண்மை வெளியாயிற்று. ஏற்கெனவே மூன்று பழைய மருந்துகளை எதிர்க்கும் ஆற்றல் பெற்றிருந்த ஒரு டைபாய்டு வகை, 'ஈ.கோலை' போன்ற வேறொரு குடல் கிருமியிடமிருந்து ஒரு பிளாஸ்மிட்டைப் பெற்றிருந்தது. அதனால் ஐந்து வகை மருந்துகளுக்கும் அது அடங்க மறுத்தது. எஞ்சியவை மிகச் சில. வாய்வழி உண்ணத்தக்கது 'அசித்ரோமைசின்' ஒன்றே. அடுத்தது 'மெரோபெனம்' முதலிய ஊசி மருந்துகள். அவை விலை மிக்கவை. மருத்துவமனையில் படுத்தே போட்டுக்கொள்ள வேண்டியவை. கூலித் தொழிலாளி ஒருவர் தம் பிள்ளைக்காக அச்செலவை எப்படித் தாங்குவார்?

நோய் ஹைதராபாத்தோடு நிற்கவில்லை. கராச்சிக்குப் பரவியது. 2018 டிசம்பர் தொடக்கத்திற்குள் சிந்து மாகாணத்தில் மட்டும் 5,274 பேர் இக்கடிய டைபாய்டுக்கு ஆளானதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பாகிஸ்தான் சென்று திரும்பிய பயணிகள் வழியே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது தென்பட்டது. கிருமிக்குக் கடவுச் சீட்டும் வேண்டியதில்லை, விசாவும் வேண்டியதில்லை!

சாக்கடையும் குடிநீரும்

ஆகா கான் பல்கலைக்கழகத்தார் நோயாளிகளின் வீடுகளை நகர வரைபடத்தில் குறித்துப் பார்த்தனர். லத்தீஃபாபாத், காசிமாபாத் ஆகிய பகுதிகளில் நோய் மிகுந்திருந்தது. கழிவுநீர்க் குழாய்கள் செல்லும் வழியைச் சுற்றியே அது பரவியிருந்தது.

வாசகர்களே, இக்காட்சி நமக்குப் புதிதா? நம் ஊர்களிலும் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒரே தெருவில் அருகருகே செல்கின்றன. நாள் முழுதும் குழாயில் நீர் வருவதில்லை. நீர் நிற்கும்போது குழாயினுள் அழுத்தம் குறைகிறது. குழாயில் விரிசல் இருந்தால், வெளியே தேங்கிய சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. மறுநாள் நீர் திறந்துவிடும்போது முதலில் நம் குடத்தில் விழுவது அதுவே. நீர் தெளிவாகத் தோன்றலாம். தெளிந்த நீர் எல்லாம் தூய நீர் ஆகிவிடாது.

மேலை நாடுகளில் டைபாய்டு தணிந்தது மருந்தால் மட்டும் அன்று. அமெரிக்காவின் ஜெர்சி நகரில் 1908இல் குடிநீருக்கு முறையாகக் குளோரின் கலக்கத் தொடங்கினர். வடிகட்டிய, குளோரின் கலந்த நீர் நகரந்தோறும் பரவப் பரவ, டைபாய்டு மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. அப்போது எந்த ஆன்டிபயாடிக் மருந்தும் பிறந்திருக்கவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்!

மற்றொரு ஹைதராபாத்

மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்ற வேளையில், நம் நாட்டு ஹைதராபாத்திலுள்ள பாரத் பயோடெக் நிறுவனத்தில் உருவான ஒரு தடுப்பூசி கைகொடுத்தது. முன்பிருந்த டைபாய்டு ஊசி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பலன் தராது. புதிய ஊசியோ ஆறு மாதக் குழந்தைக்கும் போடத்தக்கது. ஒரே தவணை போதும். 2013இல் இந்தியாவில் அனுமதி பெற்ற இவ்வூசிக்கு, 2017 இறுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் தர ஏற்பும் கிட்டியது.

2018இல் லத்தீஃபாபாத், காசிமாபாத் பகுதிகளில் ஆறு மாதம் முதல் பத்து வயது வரையுள்ள ஏறத்தாழ 2,07,000 குழந்தைகளுக்கு இந்த ஊசி போடப்பட்டது. அரசுகளிடையே எத்தனை மனத்தாங்கல் இருந்தாலும், ஒரு ஹைதராபாத்தின் ஊசி மற்றொரு ஹைதராபாத்தின் பிள்ளைகளைக் காத்தது! பின்னர் நடந்த ஆய்வில், இரத்தப் பரிசோதனையால் உறுதி செய்யப்பட்ட டைபாய்டை இது 95 விழுக்காடும், மருந்துக்கு அடங்காத கடிய வகையை 97 விழுக்காடும் தடுத்ததாகத் தெரிந்தது. 2019 நவம்பரில் இந்த ஊசியைத் தனது நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்த முதல் நாடு என்ற பெயரைப் பாகிஸ்தான் பெற்றது.

ஊசியின் பயனை நேபாளத்தின் லலித்பூரிலும், வங்கதேசத்தின் டாக்காவிலும், ஆப்பிரிக்காவின் மலாவியிலும் பெரும் ஆய்வுகள் சோதித்தன. மூன்று இடங்களிலும் ஊசி பெற்றோரிடையே டைபாய்டு ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தது. அதாவது, ஐவருக்கு வரவேண்டிய நோய் ஒருவரோடு நின்றது.

நோயுள்ள மண்ணிலேயே ஆய்வு

இந்த வரலாற்றில் நாம் கருத்தில் கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. அபாய மணியை அடித்தது இலண்டனோ நியூயார்க்கோ அன்று. நோய் வாழும் மண்ணிலேயே இருந்த ஓர் ஆய்வுக்கூடம். அங்கு இரத்த மாதிரியை முறையாகச் சோதிக்கும் வழக்கம் இல்லாதிருந்தால், 'மருந்து பலிக்கவில்லை, விதி' என்று எத்தனையோ பெற்றோர் கண்ணீரோடு அடங்கியிருப்பர். காரணம் எவருக்கும் தெரிந்திராது.

நம் தமிழகத்திற்கும் இதில் பங்குண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை டெல்லி, கொல்கத்தா, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 24,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் பணியை முன்னின்று நடத்தினர். நகர்ப்புறங்களில் ஆண்டொன்றுக்கு இலட்சம் குழந்தைகளில் 576 முதல் 1,173 பேர் வரை டைபாய்டுக்கு ஆளாவதாகவும், புனே அருகிலுள்ள கிராமப்புறத்தில் அது 35 மட்டுமே என்றும் அவர்கள் கணக்கிட்டனர். நெருக்கமான நகர வாழ்வும் கலங்கிய நீரும் எத்தகைய விலையைக் கேட்கின்றன என்பதை இந்த எண்கள் உரைக்கின்றன. எண்ணிப் பாராத நோயை எந்த அரசும் ஒழித்ததில்லை. வளரும் நாடுகளில் ஆய்வுக்கூடம் என்பது ஆடம்பரம் அன்று. அது ஊரைக் காக்கும் காவற்கோபுரம்.

எஞ்சியிருக்கும் மாத்திரை

கடிய டைபாய்டுக்கு வாய்வழி மருந்தாக எஞ்சியிருப்பது அசித்ரோமைசின் என்று கண்டோம். அதற்கும் ஆபத்து நெருங்கிவிட்டது. டாக்காவின் குழந்தைகள் நல ஆய்வு அறக்கட்டளையில் சமீர் சாஹாவின் குழுவினர், 2009 முதல் 2016 வரை சேகரித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிருமி மாதிரிகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 13 கிருமிகள் அசித்ரோமைசினுக்கும் அடங்கவில்லை. மரபுக் குறிப்பில் ஒரே ஓர் இடத்தில் நேர்ந்த மாற்றமே அதற்குக் காரணம் என்று 2019இல் வெளியிட்டனர். பதின்மூன்று சிறிய எண்தான். ஆனால் ஹைதராபாத்தின் கதையும் சிறிய எண்ணில்தான் தொடங்கியது.

இந்த மாத்திரையை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? தொண்டை கரகரத்தால் அசித்ரோமைசின். மழையில் நனைந்தால் அசித்ரோமைசின்! 2020இல் கொரோனா பரவியபோது, வைரஸ் நோயான அதற்கும் இம்மாத்திரை அள்ளி அள்ளி வழங்கப்பட்டது. வைரஸை இம்மருந்து கொல்லாது. சளி, சாதாரணக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருபவை. அவற்றுக்கு இதை உண்பது, திருடன் வராத இரவில் துப்பாக்கிக் குண்டுகளையெல்லாம் வானில் சுட்டுத் தீர்ப்பதற்கு ஒப்பாகும்.

நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12,70,000 பேர் மாண்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். இஃது எங்கோ நடக்கும் செய்தி அன்று.

நம் இல்லத்தில் செய்ய வேண்டியவை

அறிஞர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்வதைச் செய்வார்கள். குடிநீர்க் குழாயையும் சாக்கடையையும் சீராக்குவது நகராட்சியின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது நம் கடமை. இல்லத்தில் நாம் செய்யத்தக்கவை இவை:

ஒன்று: குடிநீரை நன்கு கொதிக்க வைத்து ஆறவைத்துப் பருகுங்கள். விடுதிகளிலும் மதரசாக்களிலும் தங்கிப் பயிலும் பிள்ளைகளின் நீர்த்தொட்டி எப்போது கழுவப்பட்டது என்று கேளுங்கள். நூறு பிள்ளைகள் அருந்தும் ஒரு தொட்டி கெட்டால் நூறு வீடுகள் கலங்கும்.

இரண்டு: கழிவறை சென்று வந்த பின்னும், சமைக்கும் முன்னும், உண்ணும் முன்னும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். நோய் குணமான பின்னரும் சிலருடைய பித்தப்பையில் இக்கிருமி நெடுங்காலம் தங்கிவிடுவதுண்டு. நியூயார்க்கில் மேரி மாலன் என்ற சமையற்காரப் பெண்மணி, தமக்கு நோயின் அறிகுறி ஏதுமின்றியே பல குடும்பங்களுக்கு டைபாய்டைப் பரப்பிவிட்டார். திருமண விருந்தென்றும் கந்தூரியென்றும் பெருங்கூட்டத்திற்குச் சமைப்போர் இதை மறவாதிருக்க வேண்டும்.

மூன்று: காய்ச்சல் மூன்று நாளைக்கு மேல் நீடித்தால் மருந்துக் கடைக்கு அல்ல, மருத்துவரிடம் செல்லுங்கள். 'வைடால்' என்னும் பரிசோதனையை ஒருமுறை செய்து மட்டும் டைபாய்டை உறுதி செய்ய இயலாது. பழைய தொற்றின் சுவடும் அதில் தென்படலாம். 'பிளட் கல்ச்சர்' எனப்படும் இரத்தப் பரிசோதனையே கிருமியைப் பிடித்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்றும் கூறும். அதுவும் குறையற்றதன்று, நூறு டைபாய்டு நோயாளிகளில் ஏறத்தாழ அறுபது பேரிடமே கிருமியைக் காட்டித் தரும். மருந்து தொடங்குமுன் இரத்தம் எடுத்தால்தான் அந்த அளவேனும் பயன் கிட்டும். ஆகவே, அது தேவையா என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

நான்கு: மருந்துச் சீட்டு இன்றி ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். இந்தியாவில் 2014 முதல் செஃப்ட்ரையாக்சோன் போன்ற மருந்துகளை விற்போர், மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். மாத்திரை அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு கண்டால், மருத்துவரைக் கேளாமல் உண்ணாதீர் என்பதே அதன் பொருள்.

ஐந்து: மருத்துவர் எத்தனை நாள் உண்ணச் சொன்னாரோ அத்தனை நாளும் உண்ணுங்கள். காய்ச்சல் விட்டதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மீந்த மாத்திரையை அடுத்த காய்ச்சலுக்கென்று பெட்டியில் பூட்டாதீர்கள்; அண்டை வீட்டாருக்கு அன்போடு அளிக்கவும் வேண்டாம்.

ஆறு: குழந்தைகளுக்கு டைபாய்டு தடுப்பூசி போடுவது குறித்துக் குழந்தை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

சிந்து மாகாணத்துத் தாய்மார்கள் தம் பிள்ளைகளுக்கு வந்த காய்ச்சலைத் தாமே வரவழைக்கவில்லை. விரிசல் விழுந்த குழாயும், ஊரெங்கும் கட்டுப்பாடின்றி விற்ற மருந்தும் சேர்ந்து அதை அவர்கள் வாசலில் கொணர்ந்து நிறுத்தின. அதே குழாய் நம் தெருவிலும் ஓடுகிறது; அதே மருந்து நம் கடைகளிலும் விற்கிறது. ஒரு வீட்டார் வீணாக்கும் மாத்திரையின் விலையை, அவர்கள் அறியாத வேறொரு வீட்டின் குழந்தை தன் உயிரால் செலுத்த நேரலாம். அடுத்த முறை மாத்திரை அட்டையைக் கையில் எடுக்கும்போது, அந்தக் குழந்தையை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.